கழன்றுகொள்ளும் காற்றுக் குழாய்: ஒரு சின்ன வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு இன்ஜின் சமாச்சாரத்தில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. வேலை இருக்கிறது நண்பர்களே. மாமாவின் பிக்கப் வண்டிக்கு மாதத் தவணை எழுதி வைக்கும் கணக்குப்பிள்ளை நான்தான்.

போன கோடையில் நடந்தது. திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது வாழைத்தார் இறக்கி வருவது மாமாவின் வாடிக்கை. மலைப்பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவில் நான் பக்கத்து சீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தபோது பானட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். டயர் என்று நினைத்தேன். பின்னால் கருப்புப் புகை, வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் இருந்து ரப்பர் ஹோஸ் கழன்று தொங்கியது. மாமா ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை முறுக்கினார். அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் மறுபடி 'டப்'. அதற்கடுத்த வாரமும். மூன்று நடை வாடகை போனது, அந்த மாதத் தவணையில் துண்டு விழுந்தது.

கடைசியில் நத்தம் ரோட்டில் ஒரு வயதான மெக்கானிக் பார்த்தார். "தம்பி, கிளிப்பைத் திட்டாதீங்க. குழாய் முனையைத் தடவிப் பாருங்க" என்றார். தடவினேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. முன்பு ஒரு இடிபாட்டில் பழைய குழாய் நசுங்கியபோது, யாரோ வெறும் இரும்புக் குழாயை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். கம்பெனிக் குழாயின் முனையில் மோதிரம் போல ஒரு மேடு இருக்குமாம். அந்த மேடு எப்போது, ஏன் வந்தது என்று தேடப்போய்தான் இவ்வளவும்.

முதலில் ஒரு கணக்கு. டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே போகும் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி. சாதாரணமாக ஒரு பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஒரு கிலோ அதிகப்படியான அழுத்தம். 60 மில்லிமீட்டர் குழாயின் வாய் சுமார் 28 சதுர சென்டிமீட்டர். ஆக, ஆக்சிலேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் 28 கிலோ விசை ஹோஸையும் குழாயையும் பிரித்துத் தள்ளுகிறது. அரை மூட்டை சிமெண்டுக்கு மேல்! லாரியில் 80 மில்லிமீட்டர் குழாய், இரண்டு பார் என்றால் 100 கிலோ. கிளிப்பின் பிடிப்பு ஒன்றை மட்டும் நம்பி இதைத் தாங்கச் சொல்வது, எண்ணெய் தடவிய கம்பத்தில் ஏறச் சொல்வது மாதிரி. எண்ணெய் என்பது சும்மா உவமைக்கு இல்லை. இன்ஜினின் மூச்சுக் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவி இந்தக் குழாய்களின் உட்புறம் முழுக்கப் படிந்துதான் இருக்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். வீணாகும் புகையை வைத்து இன்ஜினுக்குக் காற்றூட்டலாம் என்று 1905-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி. 1920-களில் அது கப்பல் டீசல் இன்ஜின்களில் ஏறியது. 1918-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், பைக்ஸ் பீக் என்ற மலையுச்சியில் ஒரு விமான இன்ஜினுக்கு டர்போ மாட்டிச் சோதித்தார். உயரத்தில் காற்று மெலிதாகிவிடும் பிரச்சினைக்கு அதுதான் மருந்து.

ஆனால் அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். நம்மூர் மே மாதத்து 40 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் 130 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்து போவதால் அமுக்கியதன் பலன் பாதி வீண். அதனால்தான் நடுவில் குளிர வைக்கும் இன்டர்கூலர் வந்தது. இரண்டாம் உலகப் போரின் பி-17 குண்டுவீச்சு விமானத்தில் இது இருந்தது. பி-38 போர் விமானத்தின் ஆரம்ப மாடல்களில் இறக்கையின் முன் விளிம்பையே இன்டர்கூலராக வைத்திருந்தார்கள்.

நம் ஊர்ப்பக்கம் இன்டர்கூலரை முதலில் கொண்டு வந்தது காரோ லாரியோ அல்ல, ரயில் என்றுதான் நினைக்கிறேன். வாரணாசி தொழிற்சாலையில் 1964 முதல் செய்யப்பட்ட டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜினில் 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், டர்போ, கூடவே தண்ணீரால் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி. பழனி மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய ஒய்.டி.எம்-4 இன்ஜினும் டர்போ வைத்ததுதான். திண்டுக்கல் ஜங்ஷனில் நின்று அந்த உறுமலைக் கேட்டு வளர்ந்த அப்பாக்கள் இங்கே நிறையப் பேர்.

அந்தப் பெரிய இன்ஜினில் மாமாவுக்கு வந்த தொல்லை வர வழியில்லை. ஏன்? அங்கே காற்றைக் குளிர்விக்கும் பெட்டி இன்ஜினோடு இன்ஜினாகப் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இன்ஜின் ஆடினால் பெட்டியும் சேர்ந்து ஆடும். காரில் அப்படி இல்லை. இன்டர்கூலர் முன்னால், ரேடியேட்டர் பக்கத்தில், பாடியோடு நிற்கிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புரண்டு கொடுக்கிறது. இரண்டையும் இணைக்கும் குழாய் வளையவும் வேண்டும், நழுவவும் கூடாது. வம்பே இங்கேதான்.

இந்த வம்பிலிருந்து தப்பிக்க அந்தக்கால கார் கம்பெனிகள் செய்த வேலைகள் சுவாரசியமானவை. 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், இன்டர்கூலரே வேண்டாம் என்று தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே பீச்சியது. அந்தத் திரவத்தை ஊற்ற மறக்கிறவர்கள்தான் அதிகம், பாவம். போர்ஷே 911 டர்போவுக்கு 1978-ல்தான் இன்டர்கூலர் வந்தது. அதையும் முன்னால் வைக்காமல், பின்னால் இருந்த இன்ஜினுக்கு மேலேயே, வால் இறக்கைக்குள் வைத்துவிட்டார்கள். குழாய் நீளம் குறைந்தால் தலைவலியும் குறையும்.

கிளிப்பின் கதை தனி. லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1921-ல் காப்புரிமை வாங்கிய ஜூபிலி கிளிப்தான், இன்று ஹார்டுவேர் கடையில் 'ஹோஸ் கிளிப்' என்று கேட்டு வாங்கும் ஸ்க்ரூ வைத்த பட்டையின் தாத்தா. நம் தோட்டத்து மோட்டார் பம்பில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அதன் பட்டையில் திருகு ஓடுவதற்காக வெட்டிய துளைகள் உண்டு. மெதுவான சிலிக்கான் ஹோஸில் அதை முரட்டுத்தனமாக முறுக்கினால், துளை வழியே ரப்பர் பிதுங்கி அறுபட ஆரம்பிக்கும். மாமா மூன்று வாரம் செய்தது அதைத்தான். லாரிகளில் துளையில்லாத அகலப் பட்டையும் 'டி' வடிவ போல்ட்டும் வைத்த கிளாம்ப் வந்தது இதனால்தான். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் ஹோஸுக்கு ஏற்றபடி ஸ்பிரிங் வைத்ததும் உண்டு.

இன்னொரு வகை கிளாம்புக்குப் பின்னால் ஒரு சினிமா நடிகர் இருக்கிறார்! மார்க்ஸ் பிரதர்ஸ் என்ற நகைச்சுவைக் கூட்டத்தின் கடைசித் தம்பி ஸெப்போ, நடிப்பை விட்டுவிட்டு மார்மன் என்ற கம்பெனி நடத்தினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே தயாரான கிளாம்புக்கு இன்றும் அந்தப் பெயர்தான். இரண்டு குழாய் முனைகளிலும் விளிம்பு இருக்க வேண்டும். 'வி' வடிவப் பட்டை அந்த இரண்டு விளிம்பையும் கவ்விச் சேர்த்துவிடும். செயற்கைக்கோளை ராக்கெட்டோடு பிடித்து வைத்து, நேரம் வந்ததும் விடுவிக்கும் பட்டையும் இந்தக் குடும்பம்தான். கவனியுங்கள், இங்கேயும் பிடிப்பது முறுக்கு மட்டும் அல்ல, விளிம்பு. மாமாவின் குழாயில் இல்லாமல் போனதும் அதேதான். மேட்டைத் தாண்டி உட்பக்கம் கிளிப் உட்கார்ந்தால், ஹோஸ் வெளியே வர மேட்டின் மேல் ஏறியாக வேண்டும். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு நான் வேறு விளக்கணுமா?

இதெல்லாம் பெரிய நகரத்து ரேஸ் பையன்களின் கவலையாக இருந்த காலம் போய், நம் தெருவுக்கு வந்ததற்குக் காரணம் புகை விதிகள். நாடு முழுக்க 2005-ல் பாரத் ஸ்டேஜ் 2, 2010-ல் 3, 2017-ல் 4, 2020 ஏப்ரலில் நேராக 6. குளிர்ந்த காற்றில் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், நிறையக் காற்று இருந்தால் கரும்புகை குறையும் என்பதால் டீசல் வண்டிகளுக்கு இன்டர்கூலர் கிட்டத்தட்டக் கட்டாயம் மாதிரி ஆகிவிட்டது. லாரிகளின் பக்கவாட்டில் 'டி.சி.ஐ.சி.' என்று எழுதியிருப்பது டர்போ, இன்டர்கூலர் இரண்டும் உண்டு என்பதற்கு. வண்டி வந்த வேகத்துக்கு அதன் வைத்தியம் பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை. வெல்டிங் தெரிந்தவர் குழாய் வெட்டிக் கொடுக்கிறார், முனையில் மேடு வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நத்தம் ரோட்டுப் பெரியவர் செய்தது இவ்வளவுதான். குழாய் முனையைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம் வெல்டிங் வைத்து, கூர்மை போகத் தேய்த்தார். குழாயையும் ஹோஸின் உட்புறத்தையும் பிரேக் கிளீனரால் ஆயில் பிசுக்கு போகத் துடைத்தார். குழாயும் ஹோஸும் நேர்கோட்டில் வருகிறதா என்று குனிந்து பார்த்தார். வரவில்லை. கிழிந்திருந்த இன்ஜின் மவுண்டை மாற்றச் சொன்னார். ஹோஸை நன்றாக உள்ளே தள்ளி, மேட்டுக்குப் பின்னால் அகலக் கிளாம்பைப் போட்டு அளவாக முறுக்கினார். பிறகு பஞ்சர் கடைக்காரர் மாதிரி, குழாய்க்குள் கொஞ்சமாகக் காற்றேற்றி இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். "ரெண்டு நடை மலையேறி இறங்குனதும், இன்ஜின் ஆறின பிறகு ஒரு கால் திருப்பு வைங்க. அதுக்கு மேல தொடாதீங்க" என்று மாமாவிடம் சொன்னார்.

அதன் பிறகு ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. ஐந்தாவது வளைவு வரும்போது மட்டும் நான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்பேன். மாமா ரேடியோ சத்தத்தைக் குறைப்பார்.