சைக்கிள் தந்த தைரியம்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. அப்போது அங்கே கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் கேலியைத் தாண்டி ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆம்பளை சைக்கிளிலும் ஏறினார்கள். கற்றவர்களே மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள்.

அந்தத் தைரியம் மதுரைப் பக்கம் எனக்கும் வந்தது. குழுக் கடனில் வாங்கிய பழைய டிவிஎஸ் 50, கார்புரேட்டரைக் கழுவி பிளக்கைத் துடைத்த பிறகுதான் கிளம்பியது. கியர் கிடையாது, சைக்கிள் பேலன்ஸ் போதும். கண்மாய்ப் பொட்டலில் பழகினேன். மல்லி மொட்டு விரியறதுக்குள்ள மாட்டுத்தாவணி சேர்ந்தாதான் விலை. முன்பு அடுத்தவங்க வண்டிக்குக் காத்திருப்பேன்; இப்ப நானே கொண்டு போறேன்.

அக்கா தங்கச்சிமாரே, ஓட்டத் தெரிஞ்சவங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் சொல்லிக் கொடுங்க.