கனநீர் உற்பத்தி: செயல்முறைக் கட்டுப்பாட்டிற்கான கணித மாதிரி

கனநீர் ஆலைக் கோபுரங்களில் டியூட்டீரியத்தின் (கன ஹைட்ரஜனின்) செறிவு நேரத்திற்கு நேரம் எப்படி மாறும் என்பதைச் சமன்பாடுகளால் முன்கூட்டியே கணிக்கும் முறை இது. தமிழ்நாட்டில் இதைப் பொருத்திப் பார்க்கத் தக்க ஆலை, 1978இல் ஸ்பிக் உரத் தொழிற்சாலையை ஒட்டி, பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் அமைந்த தூத்துக்குடி கனநீர் ஆலை. கனநீர் அணு உலைகளுக்குத் தேவை: கல்பாக்கத்தில் உள்ள இரு அணு மின் உலைகள் (1984, 1986) கனநீரையே தணிப்பானாகவும் குளிர்விப்பானாகவும் கொண்டவை.

இயற்கையில் ஒரு லட்சம் ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 15 மட்டுமே டியூட்டீரியம். தூத்துக்குடி முறையில், உர ஆலையின் நைட்ரஜன்–ஹைட்ரஜன் வாயு உயர் அழுத்தத்தில் கோபுரத்தில் மேலேற, குளிர்ந்த திரவ அமோனியா எதிரே இறங்குகிறது. பொட்டாசியம் அமைடு வினையூக்கியின் துணையால் டியூட்டீரியம் வாயுவை விட்டு அமோனியாவில் சேர்கிறது. டியூட்டீரியம் வாயுவைவிட அமோனியாவில் எத்தனை மடங்கு செறிகிறது என்பதைக் காட்டும் பிரிப்புக் காரணி, சுழியத்துக்குக் கீழ் 25 பாகையில் 5ஐ ஒட்டியிருக்கும். மணுகுரு ஆலையின் ஹைட்ரஜன் சல்ஃபைடு–நீர் முறையில், 30 பாகையில்கூட அது 2.3 அளவே. அடியில் சேரும் செறிந்த அமோனியாவின் பெரும்பகுதி பிளக்கப்பட்டு, வாயுவாகக் கோபுரத்துக்கே திரும்புகிறது.

கோபுரத்துக்குள் வாயுவும் திரவமும் சந்திக்கும் தட்டுகள் ஒவ்வொன்றுக்கும் மாதிரி தனித்தனியே எழுதப்படுகிறது. ஒரு தட்டுக்கு வரும் டியூட்டீரியத்திலிருந்து வெளியேறுவதைக் கழித்தால், அங்குள்ள இருப்பு மாறும் வேகம் கிடைக்கும். இதோடு சமநிலைத் தொடர்பும் தட்டின் திறனும் சேரும். திறன் நிலையான எண் அல்ல. வாயுவில் சிறிதளவு ஆக்சிஜனோ கார்பன் மோனாக்சைடோ ஈரமோ கலந்தாலே அமைடு அழிந்து வினை மந்தமாகும். திறனை மாறிலியாக வைத்த மாதிரி ஆலையை வடிவமைக்க உதவும், ஓட்டுவதற்குப் போதாது.

அழுத்தம், வெப்பநிலை, ஓட்டம் மூன்றையும் கருவிகள் உடனுக்குடன் சீராக்கிவிடும். செறிவின் போக்கு வேறு. அமோனியா ஓட்டத்தைச் சற்று மாற்றினால் அதன் முழு விளைவு மறுமுனையில் தெரிய நாட்கள் ஆகும். ஓட்டம் குறைந்தால் டியூட்டீரியம் பிடிபடாமல் உர ஆலைக்கே போய்விடும். மிகுந்தால் செறிவு குறைந்து, பிளக்கும் பிரிவின் சுமை ஏறும். ஆய்வக முடிவுகள் இடைவெளி விட்டே வருவதால், அதுவரை கோபுரத்தின் செறிவுப் பரவலை மாதிரியே மதிப்பிட்டுத் தர வேண்டும். கணிப்பையும் அளவீட்டையும் அவற்றின் நம்பகத்துக்கேற்பச் சேர்த்துத் திருத்தும் கால்மன் வடிப்பி இதற்கு மிகப் பொருத்தமானது.

உர ஆலை நின்றால் வாயு நிற்கும். தட்டுகளின் திரவம் கீழிறங்கி, நாள்கணக்கில் உருவான செறிவுப் படிநிலை கலைந்துவிடும். ஆகவே அமோனியா முறை ஆலைக்கு மாதிரி எழுதுவோர் உர ஆலையின் வாயு வரத்தையும் ஒரு மாறியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.