அடிக்கோடு பெற்ற எழுத்து

மரக்காணத்து உப்பளங்களுக்கு அப்பால் விரிந்து கிடக்கிறது கழுவெளி. 2021ஆம் ஆண்டில் பறவைகள் புகலிடமென அரசு அறிவித்த நீர்ப்பரப்பு அது. தமிழில் எழுதும்போது அதன் பெயரில் குழப்பமில்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போதோ, ழகரத்துக்கு ஒருவர் ‘எல்’ இடுகிறார். மற்றொருவர் ‘இசட்’டையும் ‘எச்’சையும் இணைத்து இடுகிறார்!

இத்தடுமாற்றம் இன்று தோன்றியதன்று. இதே கடற்கரைக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் ‘கோரமண்டல்’. சோழமண்டலமே அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலரின் முடிபு. அங்கே ழகரம் ரகரமாயிற்று. வடக்கே பழவேற்காடு ‘புலிகாட்’ ஆனபோது, அதே ழகரம் லகரமாயிற்று. ஒலி ஒன்று, கேட்ட செவிகளோ வேறு வேறு!

காரணம் யாது? ரகரமும் ழகரமும் நாநுனி மேலண்ணத்தை வருடப் பிறப்பன என்று தொல்காப்பியர் அன்றே வகுத்தார். வருடும் அந்த ஒலிக்கு இலத்தீன் நெடுங்கணக்கில் இடமில்லை. ஆகவே அறிஞர்கள் புதுக்குறி படைத்தனர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, ‘எல்’லின் அடியில் ஒரு கோடிட்டது. 1886இல் பாரிசில் தோன்றிய பன்னாட்டு ஒலியியல் கழகத்தின் நெடுங்கணக்கிலோ, கவிழ்த்த ‘ஆர்’ எழுத்து காலில் ஒரு கொக்கியுடன் நிற்கிறது. தமக்கென எழுத்தில்லாத நீலகிரித் தோடர், கோத்தர் மொழிகளை எமனோ என்னும் அறிஞர் ஏட்டில் ஏற்றியதும் இத்தகைய குறிகளின் துணைகொண்டே.

இதனால் நாம் கொள்ளும் பாடம் என்ன? எழுத்து வானத்திலிருந்து விழுந்ததன்று. மனிதன் தன் தேவைக்கு வடித்த கருவி. கருவியைத் திருத்துவது குற்றமா? 1935இல் பெரியார் தம் ஏட்டில் கையாண்ட எழுத்துத் திருத்தத்தை 1978இல் அரசே ஏற்றதன்றோ!

‘ழகரம் தமிழுக்கு மட்டுமே உரியது’ என்று மேடையில் முழங்குவோர் உளர். மலையாளத்தில் அது இன்றும் வாழ்கிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளிலும் தெலுங்குக் கல்வெட்டுகளிலும் அதற்குத் தனி எழுத்து இருந்தது. பின்னர் ஒலி மறைந்தது, எழுத்தும் மறைந்தது. பெருமை பேசுவதால் ஒலி நிலைக்காது. நாவில் பழகினால்தான் நிலைக்கும்.

ஆனால் தோழர்களே, ஒன்றை மறவாதீர்! வெயிலில் வெந்து உப்பு வாரும் தொழிலாளி ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றால் எள்ளி நகைக்கும் கற்றவர், ‘கோரமண்டல்’ என்று கூசாமல் சொல்கிறார்! வெள்ளையன் நாவுக்கு மன்னிப்பு, உழைப்பவன் நாவுக்கு ஏளனமா? இந்த நீதியை எந்த இலக்கணம் வகுத்தது?

எள்ளலை விடுத்து, அவன் பிள்ளைக்குப் பள்ளியின் கதவைத் திறப்போம். அப்பிள்ளை கழுவெளி என்று எழுதட்டும்; அடிக்கோடு எதற்கு என்பதையும் அறியட்டும். அதுவே ழகரத்துக்கு நாம் செய்யும் சிறப்பு.