பாதி பஸ், பாதி ரயில்: போடி லைனின் கதை

"மெட்ராசுக்கு எப்படிப் போனீங்க, பஸ்ஸா ரயிலா?" என்று தேனிப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டால், "ரெண்டும்தான்" என்பார்கள். ஒரு மாவட்டமே வருடக்கணக்கில் அப்படித்தான் பயணம் செய்தது.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை சுமார் 90 கிலோமீட்டர். இந்தப் பாதை 1928-ல் வந்தது. மலையில் விளையும் ஏலக்காயும் தேயிலையும் கீழே இறங்கும் வாசல் போடி. மூணாறு தேயிலை அன்று வந்து சேர்ந்த விதத்தைக் கேட்டால் தலை சுற்றும். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பி வடத்தில் தொங்கியபடி, பிறகு மாட்டு வண்டியில் போடி! அந்தக் குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது (கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள், கொல்லம் ஆண்டு 1099). மேலே ரயில் போய் நாலு வருடம் கழித்துத்தான் கீழே ரயில் வந்தது.

வந்ததும் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப்போர். இரும்பு தேவை என்று 1942-ல் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போனார்கள். ஆக, முதல் ரயில் ஓடியது வெறும் 14 வருடம். 1950-களில் மறுபடி பாதை போட்டு, மீட்டர் கேஜ் ரயில் மெதுவாக ஓடியது. 1990-களின் இறுதியில் சென்னை - மதுரை பாதை அகலப் பாதையானதும், போடி லைன் தனித்தீவு ஆனது. மதுரையில் இறங்கி மாறியே ஆகவேண்டும்.

2010 டிசம்பர் இறுதியில் அகலப் பாதைப் பணிக்காக அதையும் நிறுத்தினார்கள். 1996-ல் உருவான தேனி மாவட்டத்தின் தலைநகரில் ரயிலே இல்லை!

அப்புறம் எப்படிப் போவது? பஸ்ஸில் மதுரை ஆரப்பாளையம், அங்கிருந்து டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து ஜங்ஷன். இல்லையென்றால் மதுரையே வேண்டாம் என்று பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகக் கொடைரோடு அல்லது திண்டுக்கல். இதில் சிக்கல் தூரம் அல்ல, நேரம். பஸ் மாநில அரசுடையது, ரயில் மத்திய அரசுடையது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் கிடையாது, ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்காது. வழியில் எங்காவது ஒரு மறியல், ஆண்டிபட்டிக் கணவாயில் ஒரு லாரி பழுது, அவ்வளவுதான். இரண்டு மாதம் முன்பே பதிவு செய்த பெர்த் காலியாகப் போய்விடும். பஸ் தாமதத்துக்காக ரயில்வே பணத்தைத் திருப்பித் தராது. அதனால் இன்டர்வியூ, ஆஸ்பத்திரி என்று போகிறவர்கள் மதியமே கிளம்பி வந்து, பிளாட்பாரத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அலுத்துப்போனவர்கள் ராத்திரி ஆம்னி பஸ்ஸுக்குக் கூடுதல் காசு கொடுத்தார்கள்.

கணவாயில் பாறை வெட்டுவது கஷ்டம்தான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் என்பது கொஞ்சம் அதிகம். முதல் ரயில் ஓடிய காலத்துக்குக் கிட்டத்தட்ட சமம்!

2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. போடியிலிருந்து நேராகச் சென்னைக்கும் ஒரு வண்டி, வாரத்தில் மூன்று நாள் என்று தொடங்கினார்கள். மீதி நாலு நாளைக்குப் பழையபடி மதுரையில் மாறியே ஆகவேண்டியிருந்தது.

கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு அதுவும் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்கு ரயில் வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக மனுவாகவே இருக்கிறது. அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேனி வரை பஸ்ஸில் வந்துதான் ரயில் ஏறவேண்டும்.