எதிர்ப்பொருள் பற்றும் இடம்: ஆர்.எஸ்.வி. தடுப்பூசி வரலாறு

ஆர்.எஸ்.வி. என்பது கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில், ஃபார்மலினால் செயலிழக்கச் செய்யப்பட்ட இவ்வைரஸ் குழந்தைகளுக்குத் தடுப்பூசியாக இடப்பட்டது. பின்னர் இயற்கையாகத் தொற்று ஏற்பட்டபோது, தடுப்பூசி பெறாதோரைவிடப் பெற்ற குழந்தைகளையே நோய் கடுமையாகத் தாக்கியது, இருவர் இறந்தனர். அவர்களுடைய உடலில் எதிர்ப்பொருள்கள் தோன்றியிருந்தும், அவை வைரஸைப் போதிய அளவு முடக்கவில்லை.

இதற்கான விளக்கத்தின் முக்கியப் பகுதி எஃப் புரதத்தின் வடிவில் இருந்தது. வைரஸை உயிரணுச் சவ்வுடன் இணைக்கும் இப்புரதம், இணைவின்போது நீண்டு வடிவம் மாறுகிறது. பின்னர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இணைவுக்கு முந்தைய வடிவத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்களே தொற்றை மிக வலுவாகத் தடுக்கின்றன. ஃபார்மலின் தடுப்பூசியிலோ பிந்தைய வடிவமே மிகுந்திருந்தது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

2013இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம், பீட்டர் குவாங் ஆகியோரின் குழு, டி25 என்னும் எதிர்ப்பொருள் பற்றியிருந்த நிலையில் முந்தைய வடிவத்தை எக்ஸ் கதிர்ப் படிகவியலால் கண்டறிந்தது. புரதத்தின் உச்சியிலுள்ள அப்பற்றிடம், வடிவம் மாறியதும் குலைந்துவிடுகிறது. அதே ஆண்டில் முந்தைய வடிவம் மாறாதிருக்கும்படி புரதத்தை அவர்கள் திருத்தியமைத்தனர்.

2023இல் முந்தைய வடிவ எஃப் புரதம் கொண்ட தடுப்பூசிகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. அவற்றுள் ஒன்று கருவுற்ற மகளிருக்கு இடப்படுகிறது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையைக் காக்கிறது. எதிர்ப்பொருள் தோன்றுவது மட்டும் போதாது, அது எந்த வடிவத்தைப் பற்றுகிறது என்பதே முதன்மையானது என்பதை இவ்வரலாறு நிறுவுகிறது.