மூன்று குச்சிகளில் பிழைத்த ஒன்று

பாயசத்தில் நெய்யில் பொரித்துப் போடும் மஞ்சள் நிற உலர் திராட்சையைப் பல மளிகைக் கடைகளில் இன்றும் ‘கிஸ்மிஸ்’ என்று கேட்டால்தான் பொட்டலம் கைக்கு வரும். அது பாரசீகச் சொல். ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் வற்றலுக்கு வழங்கும் அந்தப் பெயர், கொட்டையில்லாத பழம் காய்க்கும் கொடிக்கும் உண்டு. துருக்கியில் அந்தக் கொடி சுல்தானி, ஆஸ்திரேலியாவில் சுல்தானா, அமெரிக்காவில் தாம்சன் சீட்லெஸ். பெயர்கள்தான் பல, கொடி ஒன்றே. ஒரு கொடியிலிருந்து வெட்டிய குச்சி, அந்தக் குச்சி வளர்ந்த கொடியிலிருந்து இன்னொரு குச்சி என்று நூற்றாண்டுகளாக நீண்டுகொண்டே வந்த ஒரே உடம்பு அது.

வேறு வழியும் அதற்கு இல்லை. கொட்டையில்லாத பழம் தின்பவருக்கு வசதி. கொடிக்கோ வம்சம் அற்றுப்போகிற சங்கதி. குருவி தின்று எச்சமிட்ட இடத்தில் இது முளைக்காது. முருங்கைப் போத்து ஊன்றுவது போல, பென்சில் பருமனில் மூன்று நான்கு கணு உள்ள குச்சியை யாராவது வெட்டி மண்ணில் ஊன்றினால்தான் அடுத்த கொடி. அதனால் கொட்டையில்லாத் திராட்சையின் வரலாற்றை எழுதப் போனால், குச்சி வெட்டிக் கொடுத்தவர்களையும் வாங்கி நட்டவர்களையும் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கொட்டை இல்லை என்பதும் முழு உண்மையில்லை. இந்தக் கொடியின் பூவில் மகரந்தம் சேர்கிறது, சூல் கொள்கிறது, விதை உருவாகவும் தொடங்குகிறது. சில வாரங்களில் கரு வளர்ச்சி நின்றுபோகிறது, தோல் கெட்டிப்படுவதில்லை. பழத்தைக் குறுக்கே அரிந்து பார்த்தால் நடுவில் மெல்லிய பிசிறு போல அந்த அரைகுறை விதை தெரியும். கிரேக்கத்தின் கொரிந்து ஊர்ப் பெயரால் வழங்கும் குட்டிக் கறுப்புத் திராட்சையின் சங்கதி வேறு. அதில் கரு உண்டாவதே இல்லை. பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக நின்றுவிடும். கிஸ்மிஸ் வகையில் விதை பாதியில் நிற்பதற்குக் காரணம், விதைத்தோலை உருவாக்கும் ஒரு மரபணுவில் நேர்ந்த ஒற்றை மாற்றம் என்று 2018-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு கொடியில் நடந்த பிழை அது. அதைச் சுவைத்த ஒருவருக்குப் பிடித்துப்போனதால் பிழை பிழைத்துக்கொண்டது.

மேற்கே போன குச்சிகள் அனத்தோலியாவில் வேரூன்றின. ஸ்மிர்னா என்று அன்று அழைக்கப்பட்ட இஸ்மிர் துறைமுகத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் சுல்தானா வற்றல் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. 1922-இல் கிரேக்க-துருக்கியப் போரின் முடிவில் அந்த நகரம் எரிந்தது. அடுத்த ஆண்டு இரு நாடுகளும் மக்களைப் பரிமாறிக்கொண்டன. அனத்தோலியாவை விட்டு வெளியேறிய கிரேக்கர்களில் பலர் கிரீட் தீவில் குடியமர்ந்தார்கள். அந்தத் தீவில் சுல்தானாத் தோட்டங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். அகதிகள் நிலத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, தொழிலைக் கொண்டுவரலாம். தெற்கே ஆஸ்திரேலியாவில், கலிபோர்னியாவில் பாசனக் குடியிருப்புகள் அமைத்துப் பழகிய சாஃபி சகோதரர்கள் 1887-இல் மர்ரே ஆற்றங்கரையில் மில்துரா நகரைத் தொடங்கினார்கள். வறண்ட அந்த ஊர் பின்னாளில் சுல்தானா வற்றலுக்குப் பேர்போனது.

இந்தக் கொடிக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது ஒரு வீட்டுத் தோட்டம். வில்லியம் தாம்சன் என்ற ஆங்கிலேயர் 1863-இல் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் சட்டர் வட்டாரத்தில், யூபா நகருக்கு மேற்கே குடியேறினார். 1872-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்த எல்வாங்கர் - பேரி நாற்றுப்பண்ணையிலிருந்து ‘லேடி டி கவர்லி’ என்ற திராட்சையின் குச்சிகளைத் தருவித்தார். வந்தவை மூன்று. துளிர்த்தது ஒன்றுதான். அந்த ஒற்றைக் கொடியின் பழம் 1875-இல் பக்கத்து ஊரான மேரிஸ்வில்லில் நடந்த கண்காட்சியில் வைக்கப்பட்டது. கண்டவர்கள் குச்சி கேட்டார்கள். லேடி டி கவர்லி என்ற பெயர் மறைந்து, கொடுத்தவர் பெயரே கொடியின் பெயராயிற்று. பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது அது புதிய வகையே அல்ல, சுல்தானாதான் என்று தெரிந்தது. தாம்சன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. காய்த்ததை ஊருக்குக் காட்டினார், அவ்வளவுதான்.

அந்த வட்டாரத்துத் தோட்டக்காரர் ஜே. பி. ஆன்ஸ்டாட் அதைப் பெருக்கிக் கலிபோர்னியா முழுக்கப் பரப்பினார். அப்போது அங்கே வற்றலுக்கு ஆண்டுகொண்டிருந்தது மஸ்கட் திராட்சை. மணம் உண்டு, இனிப்பு உண்டு, கூடவே கொட்டையும் உண்டு. காய்ந்த பழத்திலிருந்து கொட்டையைப் பிதுக்கி எடுக்க ஃபிரெஸ்னோவில் தனி இயந்திரங்களே ஓடின. தாம்சன் வந்ததும் அந்த வேலை மிச்சம். 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் மஸ்கட் பின்வாங்கியது. தாம்சன் முதலில் குச்சி ஊன்றிய இடத்தைக் கலிபோர்னிய அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. மூன்று குச்சி வந்து ஒன்று பிழைத்த கதை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

வெயில் காயும் கலிபோர்னியாவுக்கு இது சரி. பனி கொட்டும் நியூயார்க்கில் வீட்டு வேலியோரம் ஒரு கொடி வேண்டுமென்று ஆசைப்பட்டவர்களுக்கு? தாம்சன் கொடி அந்தக் குளிரைத் தாங்காது. நியூயார்க் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. பி. ஸ்டவுட், அதே மாநிலத்து ஜெனிவா ஊர் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து இதற்கு வழி தேடினார். விதையே இல்லாத கொடியைத் தாயாக வைத்துப் புதிய ரகம் எடுக்க முடியாது. ஆனால் அதன் மகரந்தத்தில் குறையில்லை. தந்தையாக அது போதும். ஆகவே குளிர் தாங்கும், கொட்டையுள்ள ஒண்டாரியோ கொடியின் பூவில் தாம்சன் மகரந்தத்தைத் தூவி, கிடைத்த விதைகளை முளைக்கவிட்டு, வளர்ந்த கொடிகளில் எது கொட்டையில்லாமல் காய்க்கிறது என்று காத்திருந்தார்கள். 1928-இல் செய்த கலப்பு ஒன்றிலிருந்து ‘ஹிம்ராட்’ என்ற ரகம் 1952-இல் வெளிவந்தது. இடையே 24 ஆண்டுகள். பொன்னிறமும் தேன் போன்ற இனிப்பும் கொண்ட ஹிம்ராட், குளிர்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் இன்றும் பலரின் முதல் தேர்வு. கொட்டையில்லாத தாயின் பழத்திலிருந்தே சாகப்போகும் கருவை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்க்கும் முறை 1980-களின் தொடக்கத்தில், ஃபிரெஸ்னோவில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் கைகூடியது. அதன் பிறகுதான் இந்தக் கொடி தாயாகவும் ஆக முடிந்தது.

கடையில் வாங்கும் பழம் கோலிக்குண்டு அளவு இருக்க, வீட்டுக் கொடியில் காய்ப்பது பட்டாணியைவிடச் சற்றே பெரிதாக இருப்பது ஏன் என்று பலர் குழம்புவதுண்டு. வளர்ப்பில் குறையில்லை. பழம் பருக்கத் தேவையான ஊக்கப் பொருளைத் தருவது விதை. விதை பாதியில் நின்றால் பழமும் சிறுத்துத்தான் நிற்கும். இதற்கு மருந்து கிடைத்தது நெல் வயலில். தைவானில் பணியாற்றிய ஜப்பானியரான எய்ச்சி குரோசாவா, நெற்பயிரை வெளிறி நெடுநெடுவென்று வளரவைக்கும் ஒரு பூஞ்சைநோயை ஆராய்ந்து, பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளே அதற்குக் காரணம் என்று 1926-இல் காட்டினார். அந்தப் பொருளுக்குப் பின்னர் ஜிபரலின் என்று பெயரானது. 1950-களின் பிற்பகுதியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ராபர்ட் வீவர் அதைக் கொட்டையில்லாத் திராட்சையில் தெளித்துப் பார்த்தார். பழம் உருண்டு திரண்டது. இன்று சந்தைக்குப் போகும் தாம்சன் திராட்சையில் பெரும்பகுதி அந்தக் கரைசலில் குளித்து வந்ததுதான். வீட்டில் காய்க்கும் சிறிய பழமே கொடியின் இயல்பான அளவு.

இந்தியாவில் தாம்சன் நன்றாக ஒட்டிக்கொண்டது மகாராஷ்டிரத்தில். குச்சியால் மட்டுமே பெருகும் கொடி தலைமுறை தலைமுறையாக மாறாமலே இருக்கும். எப்போதாவது ஒரு கிளையில் தானாக நிகழும் மாற்றம் மட்டுமே விதிவிலக்கு. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், தினமும் பந்தலுக்கடியில் நடக்கும் கண் போதும். சாங்லி மாவட்டம் தாஸ்காவ் பகுதியில் வசந்தராவ் ஆர்வே என்ற விவசாயி தேர்ந்தெடுத்த கொடி ‘தாஸ்-ஏ-கணேஷ்’ ஆயிற்று. சோலாப்பூருக்கு அருகே நன்னஜ் ஊரில் நானாசாகேப் காளே தேர்ந்தெடுத்த நீளப் பழக் கொடி ‘சோனாக்கா’. இரண்டுமே தாம்சனின் கிளைகள். மத்திய அரசு புனேயில் திராட்சைக்கென்று தேசிய ஆராய்ச்சி மையம் அமைத்தது 1997-இல்.

தமிழ்நாட்டில் திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே அரசாள்வது கொட்டையுள்ள கறுப்புப் பன்னீர் திராட்சை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே தேனி மாவட்டத்தில் சின்னமனூரை அடுத்த ஓடைப்பட்டி வட்டாரம் கொட்டையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்றது. இரண்டுக்கும் பந்தல் ஒன்றுதான். கத்தி வைக்கும் இடம் வேறு.

மாடியிலும் கொல்லையிலும் கொடி வளர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். நம் ஊர்க் கொடி குளிர்நாட்டில் போலத் தானாக இலை உதிர்த்து ஓய்வெடுப்பதில்லை; கவாத்து செய்துதான் அதை எழுப்ப வேண்டும். பன்னீர் கொடியின் கிளையை நான்கைந்து கணு விட்டு வெட்டினால் பூங்கொத்து வரும். தாம்சனில் அடிக்கணு மொட்டுகள் பெரும்பாலும் இலை மட்டுமே விடும். பழம் தரும் மொட்டு கிளையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. பன்னீருக்குப் பழகிய கையால் ஒட்ட வெட்டிவிட்டு, ‘இந்த ரகம் நம்ம மண்ணுக்கு ஆகாது’ என்று சொல்பவர்கள், பழத்தைத் தாங்களே வெட்டி எறிந்ததை அறிவதில்லை. காய்ப்புக் கவாத்தில் நன்கு முற்றிப் பழுப்பேறிய கிளைகளை 8 முதல் 12 கணு வரை நீளமாக விட வேண்டும். அந்த மொட்டுகள் உருவாகும் மாதங்களில் கிளைமேல் வெயில் நேராக விழ வேண்டும். நிழலில் வளர்ந்த கிளை எத்தனை கணு விட்டாலும் காய்க்காது.

வெட்டிய கிளைகளைக் குப்பையில் போடாமல் நான்கு குச்சியாக நறுக்கித் தொட்டியில் ஊன்றி வையுங்கள். கலிபோர்னியாவில் மூன்றில் ஒன்றுதான் துளிர்த்தது.