எரிமலைச் சாம்பலும் ஓசூர் வட்டார விமானப் பயணமும்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் எரிமலை கிடையாது. பயணிகள் விமான நிலையமும் கிடையாது. ஆனால் எத்தியோப்பியாவிலோ இந்தோனேசியாவிலோ ஒரு மலை வெடித்தால், சிப்காட் ஆலைப் பொறியாளரின் பயணமும் சேர்ந்து குலைகிறது. இவ்வட்டாரத்தார் பெரும்பாலும் விமானம் ஏறுவது பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா நிலையத்தில். ஓசூர் இருப்பதோ தெற்கே. அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று நெரிசல் முழுவதையும் கடந்து போன பிறகு 'ரத்து' என்ற அறிவிப்பைப் பார்த்தால் ஒரு நாளே வீண்.

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹேலி குப்பி எரிமலை வெடித்தது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்த சாம்பல் செங்கடல், ஏமன், ஓமன், அரபிக்கடல் என நகர்ந்து, மறுநாள் இரவே குஜராத், ராஜஸ்தான், டெல்லி வான்பரப்பை எட்டியது. கண்ணூரிலிருந்து அபுதாபிக்குப் புறப்பட்ட இண்டிகோ விமானம் அகமதாபாத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. ஏர் இந்தியா இரண்டு நாட்களில் 11 சேவைகளை ரத்து செய்தது. அவற்றில் ஒன்று சென்னை–மும்பை. அந்தத் தடத்தில் சாம்பல் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் மேல் பறந்து வந்த விமானங்களைச் சோதித்த பிறகே மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. 'உள்நாட்டுப் பயணம்தானே' என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் உள்ள லெவோடோபி லக்கி-லக்கி எரிமலை பாலிக்கான விமானங்களை முடக்கியது. பெங்களூரு–பாலி நேரடிச் சேவையை இண்டிகோ அந்த ஆண்டு மார்ச்சில்தான் தொடங்கியிருந்தது.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதல்ல. பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளும் சேர்ந்தது. இன்ஜினுக்குள் இருக்கும் வெப்பத்தில் அது உருகி, டர்பைன் தகடுகளில் ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தை அடைக்கிறது. விமானத்தின் வானிலை ரேடாருக்கு உலர்ந்த சாம்பல் தெரியாது. 1982 ஜூன் 24 இரவு, லண்டனிலிருந்து மும்பை வழியாக வந்து கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் சிக்கியது. நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. கீழே இறங்கிய பின் அவை மீண்டும் உயிர்பெற, சாம்பல் தேய்த்து மங்கிய முன்கண்ணாடியோடு விமானம் ஜகார்த்தாவில் தரையிறங்கியது. 263 பேரும் உயிர் தப்பினர்.

இன்று உலகெங்கும் ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் வான்வெளியைக் கண்காணிக்கின்றன. ஹேலி குப்பியின் சாம்பலைத் தொடர்ந்தது பிரான்சின் துலூஸ் மையம். இந்தோனேசியா ஆஸ்திரேலியாவின் டார்வின் மையத்தின் பொறுப்பு. பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். முன்கணிப்பு 18 மணி நேரத்துக்குத்தான். ஆகவே மூன்று நாள் கழித்து என்ன ஆகும் என்று கவலைப்படுவதால் பயனில்லை. கிளம்பும் நாளில், வீட்டை விட்டு இறங்கும் முன் விமான நிறுவனத்தின் செயலியைப் பார்ப்பதே உருப்படியான வேலை. சேருமிடம் சாம்பலில் இருந்தால், பெங்களூரை விட்டுச் சென்னைக்கு ஓடியும் பலனில்லை.

இணைப்பு விமானங்கள் இரண்டும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருப்பது நல்லது. தனித்தனி டிக்கெட் எடுத்தவர் முதல் விமானம் ரத்தாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. வெடிப்புச் செய்தி வெளியான பிறகு எடுக்கும் பயணக் காப்பீடு பெரும்பாலும் அந்த வெடிப்புக்குப் பொருந்தாது.

இந்திய விதிப்படி, ரத்தான பயணத்துக்குப் பணத்தைத் திரும்பப் பெறவோ மாற்று விமானம் கேட்கவோ பயணிக்கு உரிமை உண்டு. இயற்கைப் பேரிடர் என்பதால் இழப்பீடு மட்டும் கிடையாது. ஜெர்மனியில் ஆலை வேலை முடித்துத் திரும்புகிறவருக்கு இன்னொரு பாதுகாப்பும் உள்ளது. 2010இல் ஐஸ்லாந்தின் எயாஃப்யாட்லாயோகுட் எரிமலை ஐரோப்பிய வான்வெளியை முடக்கியபோது தவித்த ஒரு பயணி தொடுத்த வழக்கில், எரிமலை வெடிப்பானாலும் உணவும் தங்குமிடமும் தருவது விமான நிறுவனத்தின் கடமை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும். அங்கே மாட்டிக்கொண்டவர்கள் ஓட்டல், சாப்பாட்டு ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.